பணிமனைக்கும் வயல்தான் தாய்



"நாம படிக்கிறது மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல். விவசாயத்தைப் பத்தி நமக்கென்ன?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. "சோறு வேண்டாமா?" என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அது பாதிப் பதில்தான். நாம் கையாளும் மோட்டாரும் பம்பும் நம் ஊர்ப் பட்டறைக்கு வந்த வழி, வயல் வரப்பு வழியாகத்தான் என்பது என் கருத்து.

வயலிலிருந்து ஆலைக்கு

கோயம்புத்தூரை எடுத்துக்கொள்வோம். அங்கே கரிசல் மண், அதில் பருத்தி. பருத்தி விளைந்ததால் 1888இல் நூற்பாலை வந்தது. 1930களில் பைகாரா நீர்மின்சாரம் கிடைத்ததும் ஆலைகள் பெருகின. எந்திரங்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகளும், உதிரிப்பாகம் செய்ய வார்ப்பாலைகளும் தோன்றின. சுற்றுவட்டாரத்தில் எல்லாம் ஆழக் கிணறுகள். மாடு பூட்டிக் கவலை இறைத்த விவசாயிக்கு ஒரு பம்பு தேவைப்பட்டது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கினார்கள். இன்று கோவை பம்பு நாடெங்கும் போகிறது. அதை வாங்கி வளர்த்தவர் கிணற்று மேட்டில் நின்ற விவசாயிதான்!

சேலம் பக்கம் விளையும் மரவள்ளிக் கிழங்கின் மாவு, நெசவாலையில் நூலுக்குக் கஞ்சியாகிறது. புகளூர் ஆலையில் கரும்புச் சக்கை காகிதமாகிறது. நாம் எழுதும் நோட்டிலும் வயலின் பங்கு இருக்கலாம்.

பஞ்சம் சொன்ன பாடம்

1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. சோற்றுக்குக் கை ஏந்தும் நாடு தலை நிமிர்ந்து பேச முடியுமா? அதே 1966இல் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் வெளியிடப்பட்டது. உரம் போட்டாலும் சாயாத தண்டு அதன் சிறப்பு. ஆனால் விதை மட்டும் போதவில்லை. நேரத்துக்குத் தண்ணீர் வேண்டும், அதற்குப் பம்புசெட் வேண்டும். உரம் வேண்டும், அதற்குத் தொழிற்சாலை வேண்டும். பசுமைப் புரட்சியில் விஞ்ஞானியோடும் விவசாயியோடும் தொழில்நுட்பம் கற்றவனும் தோள் கொடுத்தான்.

2020இல் கொரோனா ஊரடங்கில் ஆலைகள் மூடிக் கிடந்தபோதும் உழவு நிற்கவில்லை. ஊர் திரும்பிய பலருக்கு வயல்தான் வேலை கொடுத்தது.

நமக்குள்ள வேலை

இன்றும் நாட்டில் உழைப்பவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் வேளாண்மையில்தான் இருக்கிறார்கள். 2015-16 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கர்கூட இல்லை. இவ்வளவு சிறிய வயலில் பெரிய டிராக்டர் திரும்பவே இடம் பத்தாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை. சிறிய, விலை குறைந்த, ஊர்ப் பட்டறையிலேயே பழுதுபார்க்கக்கூடிய கருவிகள்தான் இன்றைய தேவை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். 5 குதிரைத்திறன் மோட்டார் என்றால் சுமார் 3.7 கிலோவாட். பழைய பம்பு, பொருந்தாத குழாய், கசியும் ஃபுட் வால்வு ஆகியவற்றால் மின்சாரம் வீணாகிறது. சரியான பம்பைப் பொருத்தி அரை கிலோவாட் மிச்சப்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேல் விவசாய மின் இணைப்புகள் உள்ளன. 20 லட்சம் பம்புகளும் ஒரு மணி நேரம் ஓடினால் மிச்சம் 10 லட்சம் யூனிட்! 1990 முதல் விவசாயிக்கு மின்சாரம் இலவசம். அந்தச் செலவைச் சுமப்பது அரசு, அதாவது நாம் எல்லோரும்தான்.

நிலத்தடி நீரோ பல இடங்களில் இறங்கிக்கொண்டே போகிறது. நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அவ்வளவு சக்தி அதை மேலே தூக்கத் தேவை. சொட்டுநீர், நல்ல பம்பு, மண் ஈரம் பார்த்து நின்றுவிடும் ஸ்டார்ட்டர் இவையெல்லாம் நம் பாடத்துக்குள் அடங்கும் விஷயங்களே.

ஆகவே நண்பர்களே, இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடும்போது பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். "உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று ஒரு விவசாயியிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலுக்கு ஒரு வரைபடம் போட்டு, ஒரு கருவி செய்து கொடுத்தால், நம் டிப்ளமோவுக்கு அதைவிடப் பெருமை வேறில்லை.