உறுப்புக் களஞ்சியமும் அதனை நம் கணினியில் இயக்கும் முறையும்

கணினித் திரையிலும் கைப்பேசித் திரையிலும் நாம் நாடோறும் காணும் பொத்தான், எழுதுகட்டம், பட்டியல், அறிவிப்புப் பெட்டி முதலியன பக்கந்தோறும் புதியனவாக ஆக்கப்படுவன அல்ல. ஒருமுறை செவ்விதின் அமைத்து, ஓரிடத்துச் சேர்த்துவைத்து, வேண்டுமிடத்தெல்லாம் எடுத்தாளப்படுவனவாம். அங்ஙனம் சேர்த்துவைத்த தொகுதியை உறுப்புக் களஞ்சியம் எனலாம். டுவிட்டர் நிறுவனத்தில் தோன்றி, 2011ஆம் ஆண்டில் யாவரும் எடுத்தாளுமாறு வெளியிடப்பட்ட பூட்ஸ்டிராப் இவ்வகையிற் பெயர்பெற்றதொன்று. இத்தகைய களஞ்சியத்தை நம் கணினியிலேயே இயக்கும் முறையையும், அங்ஙனம் இயக்கிக் காண்டல் எற்றுக்கு என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

ஓர் உறுப்பு முழுப் பக்கத்தினுள் அமைந்திருக்குங்கால் அதன் குறை எளிதிற் புலனாவதில்லை. பணம் செலுத்துதல் தவறியபோது தோன்றும் அறிவிப்பைக் காணவேண்டின், பல படிகளைக் கடந்து, தவறு நேரும்வரை காத்திருத்தல் வேண்டும். இவ்விடர்ப்பாட்டை நீக்க எழுந்த கருவிகளுள் ஒன்று ஸ்டோரிபுக் என்பது. இலங்கையில் தோன்றிய கதிரா என்னும் நிறுவனத்தார் இதனை 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இஃது ஒவ்வோர் உறுப்பையும் பக்கத்தினின்று பிரித்து, அதன் ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே காட்டுவது.

இனி நிறுவும் முறையைக் காண்போம். முதலாவது, நோட் ஜேஎஸ் என்னும் இயக்கி நம் கணினியில் இருத்தல் வேண்டும். களஞ்சியத்தார் எந்தப் பதிப்பைக் குறித்துள்ளனரோ அதனையே கொள்ளுதல் நன்று. இரண்டாவது, 'கிட் குளோன்' என்னும் கட்டளையால் களஞ்சியத்தின் படியொன்றைப் பெறுதல். மூன்றாவது, அது சார்ந்துநிற்கும் பிற நிரல்களைத் தருவித்தல். களஞ்சியத்தில் பூட்டுக் கோப்பு இருப்பின், 'என்.பி.எம். இன்ஸ்டால்' என்பதினும் 'என்.பி.எம். சி.ஐ.' என்பதே ஏற்றது. என்னை? பின்னது அக்கோப்பிற் குறித்த பதிப்புகளையே பிறழாது நிறுவும். இரண்டும் ஒவ்வாவிடின் இடையே நின்றுவிடும். இதனால் நண்பர் இருவர் வெவ்வேறு கணினிகளில் ஒன்றையே ஆராய்தல் கைகூடும். நான்காவது, 'என்.பி.எம். ரன் ஸ்டோரிபுக்' என இயக்குதல். பெரும்பாலும் லோக்கல்ஹோஸ்ட் என்னும் முகவரியில் 6006 என்னும் வாயிலில் அது திறக்கும். லோக்கல்ஹோஸ்ட் என்பது கணினி தன்னையே விளிக்கும் பெயராம், 127.0.0.1 என்பது அதன் எண்வடிவம். நிரலைத் திருத்திச் சேமித்த அளவிலே திரையும் மாறக் காணலாம்.

நிறுவியதோடு அமைதல் கூடாது, சோதித்தலே பயன். பொத்தானொன்றை எடுத்துக்கொள்வோம். அதன்மீதுள்ள 'சேவ்' என்னும் சிறு சொல்லை நீக்கி, 'மாற்றங்களைச் சேமிக்கவும்' என்று எழுதிப் பார்க்க. அகலமும் உயரமும் இத்துணையென்று இறுக வரையறுக்கப்பட்டிருப்பின், சொற்கள் எல்லை கடந்து வழியும். அன்றி, மேல்விலங்கும் கீழ்விலங்கும் வெட்டுண்ணும். உள்ளிடைவெளியால் அளவை அமைத்து, உயரத்திற்குக் கீழெல்லை மட்டும் குறித்தால் இக்குறை நீங்கும். பின்னர்ச் சுட்டெலியைத் தொடாது, டேப் விசையால் அப்பொத்தானை அடைந்து, என்டர் விசையால் இயக்கிப் பார்க்க. வெறும் 'டிவ்' என்னும் பெட்டியைப் பொத்தான்போல் ஒப்பனை செய்திருப்பின் அதனை அவ்வாறு அடைய இயலாது. ஆகவே, விசைப்பலகையையே துணையாகக் கொண்ட பார்வையற்றோர்க்கு அது மூடிய கதவேயாம். உரிய 'பட்டன்' என்னும் கூற்றை ஆளுதலே அதற்கு மருந்து.

களஞ்சியத்துப் பொத்தானொன்றின் குறை, அதனை எடுத்தாளும் பக்கங்கள் அனைத்தின் குறையாகும். அதனை மூலத்திலே திருத்தின், புதிய பதிப்பை ஏற்கும் பக்கந்தோறும் அத்திருத்தம் சென்றெய்தும். ஆதலின், நம் மாணவர் இக்கலையைப் பயிலுங்கால், அழகிய பக்கம் ஒன்றை ஆக்க விரைதற்கு முன்னர்ச் சிறிய உறுப்பொன்றைத் தனித்து நிறுத்தி, எல்லா நிலையிலும், நம் மொழியிலும், கண்ணிலார் நிலையினின்றும் சோதித்தறிதலைத் தம் முதற்கடனாகக் கொள்வாராக.