விமானி படிப்பு: பணம் கட்டும் முன் படிக்க வேண்டிய பாடம்



ப்ளஸ் டூ முடிவுகள் வந்ததும் நம்மிடம் வரும் கேள்விகளில் ஒன்று இப்போது அடிக்கடி கேட்கிறது. "பையன் பைலட் ஆகணும்னு சொல்றான். வீட்டை வித்தாவது படிக்க வைக்கலாமா?" சில வீடுகளில் மகளுக்காகவும் கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். உழைப்புக்கும் கவனத்துக்கும் மதிப்புள்ள தொழில். ஆனால் ஐம்பது இலட்சம் ரூபாயைத் தாண்டும் செலவு இது. ஒரு தலைமுறையின் சேமிப்பை அதில் போடுவதற்கு முன், அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது பெற்றோரின் கடமை.

அதைத் தெளிவாகக் காட்டும் இடம் அமெரிக்காவின் ரீஜினல் விமானத் தொழில். சிறிய ஊர்களிலிருந்து பெரிய நகரங்களுக்குச் சிறிய விமானங்களை ஓட்டும் நிறுவனங்கள் அவை. சம்பளம் அடிமட்டத்தில் கிடந்ததும், திடீரென்று ஏறியதும், நிறுவனங்கள் மூடியதும், விமானம் இருந்தும் ஓட்ட ஆளில்லாமல் நின்றதும் அங்கே ஒரே தலைமுறைக்குள் நடந்துவிட்டன. அந்த அனுபவத்தை முதலில் பார்ப்போம். பிறகு நம் ஊருக்கு வருவோம்.

1. பெயர் ஒருவருடையது, ஓட்டுபவர் வேறொருவர்

அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரில் விமானம் ஏறுகிறீர்கள். டிக்கெட்டில் டெல்டா அல்லது யுனைடெட் என்று இருக்கும். விமானத்தின் வாலிலும் அதே பெயர், அதே நிறம். ஆனால் விமானியின் முதலாளி டெல்டாவோ யுனைடெட்டோ அல்ல. ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் போன்ற வேறொரு நிறுவனம்.

நம் ஊரில் ஒரு பெரிய கம்பெனியின் பெயரை எழுதிக்கொண்டு ஒப்பந்த லாரி ஓடுவதில்லையா? அதே ஏற்பாடுதான். எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, என்ன கட்டணம் என்பதைப் பெரிய நிறுவனம் முடிவு செய்யும். சிறிய நிறுவனம் விமானத்தையும் ஆட்களையும் தரும். ஓடிய நேரத்துக்கும் நடைக்கும் பேசிய பணத்தைப் பெற்றுக்கொள்ளும்.

இதில் ஒரு நன்மை உண்டு. பயணிகள் குறைந்தாலும் சிறிய நிறுவனத்துக்குப் பேசிய பணம் வரும். ஒரு ஆபத்தும் உண்டு. ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கப்படாவிட்டால் அடுத்த மாதம் வேலையே இருக்காது.

2. 50 இருக்கை ஜெட் வந்த கதை

1990-கள் வரை சிறிய ஊர்களுக்குப் பெரும்பாலும் இறக்கை விசிறி சுழலும் டர்போபிராப் விமானங்கள்தான் ஓடின. 1992-ல் கனடாவின் பம்பார்டியர் நிறுவனத்தின் சி.ஆர்.ஜே. என்ற 50 இருக்கை ஜெட் சேவைக்கு வந்தது. சில ஆண்டுகளில் பிரேசிலின் எம்ப்ரேயர் 145 வந்தது. வேகமும் அதிகம், சத்தமும் குறைவு. நூற்றுக்கணக்கில் வாங்கினார்கள்.

ஏன் சரியாக 50 இருக்கை? பெரிய நிறுவனங்களின் விமானிகள் சங்கம் நிர்வாகத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. "எங்கள் வேலையைக் குறைந்த சம்பளக்காரர்களிடம் கொடுக்காதீர்கள், வெளியில் கொடுப்பதென்றால் இத்தனை இருக்கைக்கு மேல் கூடாது" என்பது அதன் சாரம். அந்த எல்லைதான் விமானத்தின் அளவைத் தீர்மானித்தது. பிறகு எல்லை 76 இருக்கை வரை தளர்ந்தது.

இந்த ஏற்பாடு குறைந்த சம்பளத்தின் மேல் நின்றது. 2009 வாக்கில் பல ரீஜினல் நிறுவனங்களில் புதிதாகச் சேரும் துணை விமானிக்கு ஒரு மணிக்கு 20 டாலருக்குச் சற்று மேல்தான் கிடைத்தது. அதுவும் விமானம் ஓடும் மணிகளுக்கு மட்டும். நிலையத்தில் காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது. பயிற்சிக்கு வாங்கிய கடனோ பெரிது.

3. 2009 பிப்ரவரி 12

அன்றிரவு நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகே, கோல்கன் ஏர் நிறுவனம் கான்டினென்டல் பெயரில் ஓட்டிய ஒரு டர்போபிராப் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள்.

வேகம் குறைகிறது என்று விமானம் எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாகத் தலைமை விமானி மேலே இழுத்தார் என்று விசாரணையில் தெரிந்தது. வேறொன்றும் தெரிந்தது. துணை விமானி, நாட்டின் மறுகோடியான சியாட்டில் பக்கத்திலிருந்து இரவு முழுதும் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். தலைமை விமானி முந்தைய இரவை விமான நிலையத்தின் ஊழியர் அறையில் கழித்திருந்தார். களைப்பையும் குறைந்த சம்பளத்தையும் பற்றி நாடு முழுதும் பேச்சு எழுந்தது.

இறந்தவர்களின் குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. திரும்பத் திரும்ப நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2010-ல் சட்டம் வந்தது. 2013 முதல், துணை விமானியாகச் சேரவும் 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விமானப் பட்டப்படிப்பு படித்தவருக்கு 1000 மணி, ராணுவ விமானிக்கு 750 மணி. ஓய்வு நேர விதிகளும் இறுக்கப்பட்டன.

அந்த விபத்தில் இறந்த இரு விமானிகளுமே 1500 மணிக்கு மேல் பறந்தவர்கள்தான். ஆகவே மணிக்கணக்கு மட்டும் போதுமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அந்த விதி தொழிலையே மாற்றிவிட்டது.

4. தட்டுப்பாடு வந்தது, சம்பளம் ஏறியது

250 மணியில் வணிக உரிமம் பெற்ற இளைஞர் மீதி மணிகளை எப்படிச் சேர்ப்பார்? பெரும்பாலானோர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்து, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தபடி இரண்டு ஆண்டுகள் வரை கழிக்கிறார்கள். வாசல் குறுகியது. நுழைபவர்கள் குறைந்தார்கள்.

பிறகு கோவிட் வந்தது. 2020-ல் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான மூத்த விமானிகளை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பின. பயணிகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் திரும்பியதும், அந்த இடங்களை நிரப்ப ரீஜினல் விமானிகளை அள்ளிக்கொண்டன. சிறிய நிறுவனங்கள் காலியாயின. 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட், அரசு மானியத்தோடு ஓட்டிவந்த 29 சிறிய ஊர்களின் சேவையிலிருந்து விலக அறிவிப்புக் கொடுத்தது. சொன்ன காரணம், விமானிகள் இல்லை.

அதே ஆண்டு ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான மூன்று ரீஜினல் நிறுவனங்கள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் அறிவித்தன. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

இதைக் கேட்டு நம் இளைஞர்கள் பலர் மயங்கினார்கள். ஆனால் 2024-ல் போயிங் விமானங்கள் தாமதமாக, யுனைடெட், சவுத்வெஸ்ட் போன்ற நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்திவைத்தன. மேலே கதவு மூடினால் கீழே இருப்பவர் நகர முடியாது. சம்பளம் ஏறிய ஆண்டைப் பார்த்து படிப்பில் சேர்ந்தவர், படிப்பு முடியும்போது வேறொரு காலத்தில் நிற்பார். இந்தத் தொழிலில் நினைவில் வைக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

5. சிறிய ஜெட்டின் நாளை

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு விமானிகளுக்கும் சேர்த்து ஒரு மணிக்கு 250 டாலர் என்று வையுங்கள். 50 இருக்கை விமானத்தில் ஓர் இருக்கைக்கு 5 டாலர் விழும். 76 இருக்கையில் 3 டாலர் சொச்சம். 180 இருக்கையில் ஒன்றரை டாலர்கூட இல்லை. எரிபொருளிலும் இதே கதை. சம்பளமும் எரிபொருளும் ஏற ஏற, 50 இருக்கை ஜெட் கட்டுபடியாகாமல் போகிறது.

அதனால் பழைய சி.ஆர்.ஜே. 200 விமானங்கள் ஓய்வுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. புதிதாக யாரும் செய்வதில்லை. பம்பார்டியர் தன் சி.ஆர்.ஜே. பிரிவை 2020-ல் மிட்சுபிஷிக்கு விற்றது. கடைசி சி.ஆர்.ஜே. 2021-ல் வெளிவந்தது. மிட்சுபிஷி உருவாக்கிவந்த ஸ்பேஸ்ஜெட் என்ற புதிய விமானம் 2023-ல் கைவிடப்பட்டது.

இன்று களத்தில் நிற்பது 76 இருக்கை எம்ப்ரேயர் 175. எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும் அதன் புதிய வடிவத்தையும் உருவாக்கத் தொடங்கினார்கள். ஆனால் அதன் எடை 44 டன்னைத் தாண்டுகிறது. சங்க ஒப்பந்தத்தின் எல்லையோ சுமார் 39 டன். எஞ்சின் புதியது, எடை அதிகம். ஆகவே அமெரிக்க ரீஜினல் நிறுவனங்கள் அதை ஓட்ட முடியாது. ஒரு விமானத்தின் தலையெழுத்தை அதன் திறமை மட்டும் எழுதுவதில்லை, ஒரு காகித ஒப்பந்தமும் எழுதுகிறது.

ஆகவே ரீஜினல் ஜெட் அழிந்துவிடாது, ஆனால் அதன் எண்ணிக்கை முன்போல் பெருகாது. மிகச் சிறிய ஊர்கள் சில சேவையை இழக்கும். விமானிக்கு அது வேலைக்கான முதல் படியாகத் தொடரும்.

6. வரிசை எண்

விமானத் தொழிலில் அனுபவத்தைவிட வலிமையான ஒன்று உண்டு. அதுதான் சேர்ந்த தேதியைப் பொறுத்த வரிசை எண். எந்த ஊரில் தங்குவது, எந்த விமானம், எந்த நாள் விடுமுறை, எப்போது கேப்டன் என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்யும். பெருநாளன்று வீட்டில் இருப்பதா, ஏதோ ஓர் ஊர் ஓட்டலில் இருப்பதா என்பதும் அதில் அடக்கம்.

நிறுவனம் மூடினால் அந்த எண் அதோடு போய்விடும். 2012-ல் காம்ஏர் மூடியது. 2020-ல் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் இரண்டும் மூடின. இருபது ஆண்டு கேப்டனாக இருந்தவரும் வேறு நிறுவனத்தில் கடைசி ஆளாக, புதியவர் சம்பளத்தில் தொடங்க வேண்டும்.

7. இனி நம் பக்கம்

நம் நாட்டில் 200 மணி பறந்து வணிக உரிமம் பெற்றவர் நேராக ஏர்பஸ் ஏ320 விமானத்தில் துணை விமானியாக அமர முடியும். இருக்கை எல்லை போடும் சங்க ஒப்பந்தமும் இங்கே இல்லை. ஆகவே ரீஜினல் விமானம் இங்கே கட்டாயப் படி அல்ல. ஆனாலும் அலையன்ஸ் ஏர், இண்டிகோ ஆகியவற்றின் ஏ.டி.ஆர். விமானங்களும், ஸ்டார் ஏரின் எம்ப்ரேயர் 175 விமானங்களும் வேலை தருகின்றன.

நிறுவனங்கள் மூடுவது மட்டும் இங்கும் அதேதான். 2012-ல் கிங்ஃபிஷர், 2019-ல் ஜெட் ஏர்வேஸ், 2023-ல் கோ ஃபர்ஸ்ட். சேலத்துக்காரர்களுக்கு இது நேரில் தெரியும். உடான் திட்டத்தில் 2018-ல் ட்ரூஜெட் சென்னை - சேலம் விமானத்தைத் தொடங்கியது. சேவை நின்றது, 2022-ல் அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்தியது. 2023 அக்டோபரில்தான் வேறு நிறுவனங்கள் சேலத்துக்குத் திரும்பின.

8. பணம் கட்டும் முன்

முதலில் உடல் தகுதி. டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ், பிறகு முதல் வகுப்புச் சான்றிதழ். வண்ணப் பார்வைக் குறை அங்கேயே தெரிந்துவிடும். சில ஆயிரம் செலவில் தெரிய வேண்டியதைப் பல இலட்சம் கட்டியபின் தெரிந்துகொள்ளாதீர்கள்.

இரண்டாவது, எழுத்துத் தேர்வு. வழிகாட்டல், வானிலை, விமானச் சட்டம், தொழில்நுட்பம் ஆகிய தாள்களை முதலில் எழுதட்டும். பிள்ளையின் ஆசை எவ்வளவு ஆழம் என்பதை அந்தத் தாள்கள் சொல்லிவிடும்.

மூன்றாவது, மொத்தச் செலவு. உரிமத்தோடு முடியாது. குறிப்பிட்ட விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்கு இன்னும் பல இலட்சம் ஆகும். வேலை கிடைக்கும் வரை ஓரிரு ஆண்டு காத்திருக்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். பறந்த மணிக்கேற்பத் தவணையாகக் கட்டும் பள்ளியைத் தேடுங்கள். எத்தனை விமானம், எத்தனை ஆசிரியர், சென்ற ஆண்டு எத்தனை பேர் முடித்தார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். ஃபர்சத்கஞ்சில் உள்ள அரசின் இந்திரா காந்தி அகாடமிக்கு நுழைவுத் தேர்வு எழுதிப் பார்க்கலாம்.

ஐந்தாவது, "அமெரிக்காவில் படித்தால் அங்கேயே வேலை" என்ற பேச்சை நம்பாதீர்கள். மாணவர் விசாவில் போனவருக்கு அங்கே விமானி வேலையில் சேரும் உரிமை தானாக வந்துவிடாது. திரும்பி வந்தால் உரிமத்தை இங்கே மாற்ற இந்தியத் தேர்வுகளை எழுதியாக வேண்டும்.

ஆறாவது, கையில் இன்னொரு படிப்பு. தபால் வழியிலாவது ஒரு பட்டம் இருக்கட்டும். விமானம் நின்ற ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்கியது பலருக்கு அதுதான்.

வட்டிக் கடனைத் தவிர்க்க நினைக்கும் குடும்பம் அவசரப்படாமல் இருப்பது நல்லது. மருத்துவச் சான்றிதழும் எழுத்துத் தேர்வும் பெரிய பணம் இல்லாமலே முடியும். அதற்குள் சொந்தத்தில் கைமாற்று, சேமிப்பு, உதவித்தொகை என்று வழி தேடலாம். குடியிருக்கும் வீட்டை மட்டும் இதில் இழுக்க வேண்டாம். பத்தொன்பது வயதில் தொடங்க முடியாதவர் இருபத்து மூன்றில் தொடங்கலாம். வீடு போனால் திரும்ப வாங்குவது அவ்வளவு எளிதல்ல.

மகளுக்குத் தயங்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெண் விமானிகளின் விகிதத்தில் இந்தியா உலகச் சராசரியைவிட வெகு முன்னே நிற்கிறது. தேர்வுத் தாள் ஆண், பெண் பார்ப்பதில்லை.

ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்கச் சொல்லவில்லை. இந்தப் பக்கங்களை அவனோடு அல்லது அவளோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். கணக்கைக் காகிதத்தில் எழுதுங்கள். "கம்பெனி மூடினால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் வைத்திருக்கும் பிள்ளை இன்ஷா அல்லாஹ் இந்தத் தொழிலில் நிலைப்பான், நிலைப்பாள்.