பெண்களின் உழைப்பும் புள்ளி விவரமும்

ஒரு நாட்டில் எத்தனை பெண்கள் உழைக்கிறார்கள் என்பதற்குக் கிடைக்கும் விடை, கணக்கெடுப்பவர் கேட்கும் கேள்வியைப் பெரிதும் பொறுத்ததாகும். நம் நாட்டு ஜனத்தொகைக் கணக்கே இதற்குத் தக்க சான்று.

1961-ஆம் ஆண்டில், விவசாயம் போன்ற பருவகாலத் தொழில்களில் பருவத்தின் பெரும்பகுதியில் நாள்தோறும் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஒழுங்காக வேலை செய்தவர்கள் உழைப்பாளராகக் கொள்ளப்பட்டனர். 1971-இல் ஒருவருடைய முக்கிய அலுவல் யாது என்று வினவப்பட்டது. அடுப்படி வேலையோடு நாற்று நடவும் செய்த பெண்கள் பலர், இல்லத்தைக் கவனிப்போர் என்றே பதிவாயினர். இதன் விளைவாக, ஏறத்தாழ 6 கோடியாக இருந்த பெண் உழைப்பாளர் தொகை 3 கோடியளவாகக் குறைந்து காணப்பட்டது. மாறியது பெரும்பாலும் கேள்வியே, உழைப்பன்று. குடும்ப நிலத்திலோ தொழிலிலோ ஊதியமின்றிச் செய்யும் வேலையும் அடங்கும் என்ற சொற்கள் 1991-இல் கேள்வியில் சேர்க்கப்பட்டன.

வீட்டு வேலையை அளக்க வேறு முறை வேண்டும். 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் முதன்முறையாக நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வில், ஒரு நாளின் 24 மணி நேரமும் அரைமணிக் கூறுகளாகப் பதியப்பட்டது. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்டோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டது தெரிய வந்தது.

குடிநீர், எரிபொருள், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றிற்குத் திட்டமிடுவோர்க்கு இவ்விவரங்கள் இன்றியமையாதவை. ஆகவே, கணக்கெடுப்பவர் குடும்பத் தலைவரின் விடையோடு நின்றுவிடாமல், கூடியவரை அப்பெண்ணையே நேரில் வினவி அறிதல் வேண்டும்.