காக்கிக்குத் தனிப் பென்ஷன் உண்டா?

காவலர் குடியிருப்பு வாசலிலோ காலை நடைக்குக் கூடும் மைதானத்திலோ பென்ஷன் பேச்சு எழுந்தால், யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிடுவார்: "நமக்கென்னப்பா, போலீஸ் பென்ஷன். அது கணக்கே தனி." முப்பத்தைந்து வருஷம் ஸ்டேஷனில் காலம் தள்ளியவர் சொல்லும்போது யார் மறுத்துப் பேசுவது?

தமிழ்நாட்டில் அப்படித் தனிக் கணக்கு கிடையாது. ஏட்டையாவுக்கும் தாலுகா ஆபீஸ் உதவியாளருக்கும் ஒரே சட்டம்தான், 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள். ஓய்வு வயதும் இருவருக்கும் 60. பந்தோபஸ்தில் கழிந்த தீபாவளிகளும் பகல்போல ஆகிவிட்ட இரவுகளும் இந்தக் கணக்கில் எங்கும் வராது. கடைசிச் சம்பளம், பணிக்காலம், இரண்டே எண்கள். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் இருப்பது இதுதான். மற்ற தவறான நம்பிக்கைகளில் பாதி, காக்கிக்கென்று ஒரு சலுகை எங்கோ ஒளிந்திருக்கிறது என்ற எண்ணத்திலிருந்தே கிளம்புகின்றன.

மீதிப் பாதி பக்கத்து வீட்டைப் பார்த்து வருகிறது. "ராணுவத்துக்குக் கொடுத்த ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் நமக்கும் உண்டு" என்பார்கள். அந்தத் திட்டம் 2014 ஜூலை 1 முதல் முப்படையினருக்கு மட்டும். முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு வராது. முன்னாள் ராணுவத்தினருக்கான ஒதுக்கீடும் மருத்துவத் திட்டமும் அவருக்கு இல்லை. சி.ஆர்.பி.எஃப்.பிலிருந்து வந்தவர் சொல்லும் கணக்கும் உதவாது. அவர் மத்திய அரசு ஓய்வூதியர். அவர் தன் ஓய்வூதியத்தில் 40% வரை விற்றுத் தொகையாக வாங்கலாம், நம் ஊரில் மூன்றில் ஒரு பங்குதான். அவருக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியம் 9,000 ரூபாய், இங்கே 7,850. அவர் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுப்பதைப் பார்த்து நவம்பருக்குக் காத்திருக்கும் மாநில ஓய்வூதியர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அவரவர் ஓய்வு பெற்ற மாதம்தான் அதற்கான நேர்காணல் மாதம். கருவூலத்துக்கு நடக்க முடியாதவர் தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்து விரல் ரேகை வைத்தே முடித்துக்கொள்ளலாம்.

சரி, எவ்வளவு வரும்? "வாங்குற சம்பளத்துல பாதி" என்பதுதான் எல்லோர் மனதிலும் இருக்கும் பதில். கையில் வாங்கும் மொத்தத்தில் பாதி என்று நினைத்து மகள் கல்யாணக் கடனைத் திட்டமிட்டவர் முதல் மாதமே திகைத்துப்போகிறார். பாதி என்பது கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. அதுவும் 30 வருஷத் தகுதிப் பணி இருந்தால். 22 வயதில் சேர்ந்து 38 வருஷம் உழைத்தவருக்கும் அதே பாதிதான். 30க்குக் குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும்.

ஒரு சிறப்பு உதவி ஆய்வாளரின் கடைசி அடிப்படைச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் 25,000. மூன்றில் ஒரு பங்கை விற்றால் மாதம் 8,333 குறைந்து 16,667 ஆகும். இந்த இடத்தில்தான் பலர் வயிற்றில் புளி கரைகிறது, அகவிலைப்படியும் குறைந்த தொகைக்குத்தானே என்று. இல்லை. அகவிலைப்படி முழு 25,000க்குத்தான் கணக்கிடப்படும். 2025 ஜூலை முதலான 58% விகிதத்தில் அது 14,500. ஆக மாதம் 31,167. விற்ற பங்கும் போனது போனதல்ல, 15 வருஷம் கழித்துத் திரும்பி வந்து சேரும். 80 வயதைத் தொட்டால் ஓய்வூதியம் 20% கூடும், 85இல் 30%. இதையும் பலர் விசாரிப்பதே இல்லை.

இத்தனையும் 2003 மார்ச் 31 வரை பணியில் சேர்ந்தவர்களுக்கு. அதற்கு மறுநாளிலிருந்து சேர்ந்தவர்களுக்கு சி.பி.எஸ். என்ற பங்களிப்புத் திட்டம். இருபது வயதில் அப்படிச் சேர்ந்த கான்ஸ்டபிள்கள் பெரும்பாலும் இன்னும் பணியில்தான் இருக்கிறார்கள். அதனால் குடியிருப்பில் அவர்களுக்கு யோசனை சொல்லும் ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் பழைய திட்டத்துக்காரர்கள். "பயப்படாதே தம்பி, கடைசியில பென்ஷன் கைவிடாது" என்று நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் தம்பியின் திட்டமே வேறு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 10% ஊழியர் பங்கு, அதே அளவு அரசுப் பங்கு, கடைசியில் வட்டியோடு மொத்தத் தொகை. மாத ஓய்வூதியம் அதில் இல்லை. 2026 ஜனவரியில், கடைசிச் சம்பளத்தில் 50% உறுதியளிக்கும் புதிய திட்டத்தை அரசு அறிவித்தது. ஊழியரின் 10% பங்களிப்பு அதிலும் தொடரும். அறிவிப்பு என்பது ஒன்று, தன் பெயருக்குப் பொருந்தும் அரசாணை என்பது இன்னொன்று. 2003க்குப் பின் சேர்ந்தவர்கள் வாட்ஸ்அப் செய்தியை விட்டுவிட்டு அரசாணையைப் படிப்பது நல்லது.

"ரிட்டயர் ஆயாச்சு, இனி யாரும் கை வைக்க முடியாது" என்ற தைரியமும் பாதி உண்மைதான். ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை அல்ல, அது உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் சொல்லிவிட்டது. 1982 டிசம்பர் 17இல் ஓய்வூதியம் பற்றி அதே நீதிமன்றம் தந்த நகாரா தீர்ப்பின் நினைவாகத்தான் அந்தத் தேதியை ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆனாலும் ஓய்வூதிய விதி 9, கடும் தவறு நிரூபணமானால் ஓய்வூதியத்தை நிறுத்திவைக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஓய்வுக்குப் பிறகு துறை விசாரணை புதிதாகத் தொடங்க வேண்டுமானால், சம்பவம் நான்கு வருஷத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பணியில் இருக்கும்போதே தொடங்கிய விசாரணை ஓய்வோடு முடிந்துவிடாது. ஸ்டேஷன் வேலையில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வாங்காதவர் யார்? அந்தக் கோப்பு முடிந்ததா என்று ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்பே பார்த்துவிட வேண்டும்.

கடன்காரர் விஷயத்தில் மட்டும் உண்மை நம்பிக்கையைவிட நல்லதாக இருக்கிறது. ஏ.டி.எம். அட்டையை வட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு அவர் தருவதை வாங்கிக்கொள்ளும் ஓய்வூதியர்கள் உண்டு, "எழுதிக் கொடுத்துட்டேனே" என்று கட்டுப்பட்டு. இனி வரப்போகும் ஓய்வூதியத்தை இன்னொருவருக்கு எழுதிக்கொடுப்பதே செல்லாது என்கிறது 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம். அட்டையைத் திரும்ப வாங்கத் தயங்க வேண்டியதில்லை.

காப்பீட்டிலும் ஒரு தவறு பரவியிருக்கிறது. 2022 ஜூலையில் தொடங்கிய ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டில் ஐந்து லட்சம் என்பது வருஷத்துக்கு அல்ல, நான்கு வருஷத்துக்கும் சேர்த்து. அதில் வருவது ஓய்வூதியரும் துணையும் மட்டுமே.

அதிகம் ஏமாறுவது வீட்டுப் பெண்கள்தான். "நான் போனா உனக்குப் பாதி வரும்" என்று சொல்லிவைத்திருப்பார்கள். குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30%. மேலே சொன்ன கணக்கில் 15,000, அதற்குரிய அகவிலைப்படி தனி. கணவர் விற்ற பங்கை இதில் கழிக்க மாட்டார்கள். இதை உயிலில் யாருக்கும் எழுதிவைக்கவும் முடியாது, வாரிசு வரிசையை விதிதான் தீர்மானிக்கும். முதல் மனைவி இருக்க, விவாகரத்து இல்லாமல் செய்துகொண்ட இரண்டாம் மனைவிக்கு இந்துத் திருமணச் சட்டப்படி உரிமை வராது. அந்தக் குழந்தைகளுக்கு உண்டு. மணமாகாத, கணவரை இழந்த, விவாகரத்தான மகளுக்கும் வாழ்நாள் முழுக்கக் கிடைக்க வழி இருக்கிறது. 2011 முதல் உள்ள இந்த ஏற்பாடு தெரியாமலே அப்பா வீட்டில் கஷ்டத்தோடு இருக்கும் மகள்கள் உண்டு. ஆனால் "அப்பா வேலை மகனுக்கு" என்பது ஓய்வு பெற்றவர் வீட்டுக்குப் பொருந்தாது. கருணை வேலை பணியில் இருக்கும்போதே இறந்தவர் குடும்பத்துக்குத்தான்.

கணவரை இழந்த மனைவி கருவூலத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெயரில். பணிப்பதிவேட்டில் ராஜம்மாள், ஆதாரில் ராஜம், பாஸ்புக்கில் முன்னால் ஒரு இனிஷியல். கணவர் இருக்கும்போது ஒரு மனுவில் தீர்ந்திருக்கும் வேலை இது. அவர் போன பிறகு வட்டாட்சியர் அலுவலகம், நோட்டரி, மறுபடி கருவூலம் என்று மாதக்கணக்கில் அலைய வைக்கும். பெயர் சரியாக இருந்தால் இறப்புச் சான்றும் பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணைப் புத்தகமும் கொண்டுபோனாலே வேலை நகரத் தொடங்கும், கணவர் சந்தா கட்டிவந்த குடும்பப் பாதுகாப்பு நிதியிலிருந்து 50,000 ரூபாயும் கேட்கலாம்.

கடைசியாக, மகன்கள் செய்யும் ஒரு காரியம். "சொல்லாம விட்டா ரெண்டு மூணு மாசம் வரட்டுமே" என்று இறப்பைத் தெரிவிக்காமல் அட்டையில் பணம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். இறந்த நாளுக்குப் பிந்தைய நாட்களுக்காகக் கணக்கில் ஏறிய ஒவ்வொரு ரூபாயும் அரசுப் பணம். கருவூலம் அதை வசூலிக்கும்போது மகனைத் தேடிப் போகாது, அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில்தான் பிடிக்கும்.