வெடித்த பலகையை மேசையாக்கும் முறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காய்ப்பு ஓய்ந்த மாமரமும், சாலையை அகலப்படுத்த வெட்டிய புளியமரமும் பெரும்பாலும் விறகாகவோ பேக்கிங் பெட்டியாகவோ முடிந்துபோகின்றன. “வெடிச்சிருக்கு, பலகைக்கு ஆகாது” என்று மரக்கடையில் ஒதுக்கும் கட்டைகளில் பல, கடையில் விற்கும் எந்த மேசையிலும் காணாத ரேகையும் நிறமும் கொண்டவை. அவற்றின் விரிசலை எபாக்சி ரெசினால் நிரப்பி, ஓரத்தை மரம் வளர்ந்த வளைவிலேயே விட்டு, முழுப் பலகையாக மேசை செய்யலாம்.

இதற்கு ஓசூரைவிடத் தோதான ஊர் குறைவு. மரம் அறுக்கும் மில்கள் இருக்கின்றன. மேசைக்குக் கால் செய்து பவுடர் கோட்டிங் அடித்துத் தரும் இரும்புப் பட்டறைகள் சிப்காட், சிட்கோ பேட்டைகளைச் சுற்றி நிறைய உண்டு. இப்பகுதியின் இன்னொரு பெருந்தொழில் கிரானைட். கல் பலகையின் நுண்விரிசலில் எபாக்சி ஊற்றி நிரப்பிப் பாலீஷ் போடுவது அந்தத் தொழிலில் வழக்கமான வேலை. ஆகவே ரெசின் வாங்குவதும், அதைக் கையாளத் தெரிந்தவர்களைத் தேடுவதும் இங்கே கடினமல்ல.

இந்த மேசைக்குத் தமிழ் மண்ணோடு பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. முழுப் பலகை மேசையை உலகறியச் செய்த ஜார்ஜ் நாகஷிமா, 1930களின் பிற்பாதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி கட்டும் பணியை மேற்பார்த்த கட்டடக் கலைஞர். அங்கே சுந்தரானந்தர் என்ற பெயரும் பெற்றார். பின்னாளில் அமெரிக்காவில் மேசை செய்தபோது அவர் விரிசலை மறைக்கவில்லை. குறுக்கே பட்டாம்பூச்சி வடிவக் கட்டை பதித்து, விரிசலைத் திறந்தபடியே விட்டார். இரண்டு பலகைக்கு நடுவே ஆறு ஓடுவதுபோல் ரெசின் ஊற்றும் பாணி 2010களில்தான் பரவியது. என் பரிந்துரை இரண்டுக்கும் நடுவழி: விரிசலில் மட்டும் ரெசின், மற்றதெல்லாம் மரம். செலவும் குறையும், மேசையும் நாள்பட நிற்கும்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் பதியுங்கள். இந்த வேலையில் முக்கால் பங்கு மரத்தைக் காயவைப்பது. ஈர மரத்தின் விரிசலில் எவ்வளவு உயர்ந்த ரெசினை ஊற்றினாலும், பக்கத்திலேயே புது விரிசல் விழும்.

1. மரம் தேர்ந்தெடுத்தல்

மாமரம் இழைக்க எளிது. வெளிர் பழுப்பு நிறம், சில சமயம் கருஞ்சாம்பல் கோடுகள். ஆனால் பூச்சிக்குப் பிடித்த மரம், சீக்கிரம் உளுத்துப்போகும். புளியின் வைரப் பகுதி கருஞ்சிவப்பாக, உளியை மழுக்கும் அளவுக்குக் கடினமாக இருக்கும். முதிய மரங்களில் நடுவே பொந்தும் இருக்கும். தூங்குமூஞ்சி மரத்தில் மிக அகலமான பலகை கிடைக்கும், அதிகம் முறுக்காமல் காயும். அதன் தூசி மட்டும் மூக்கை எரிக்கும். தைலமரம் முறுக்கிக்கொள்ளும், முதல் மேசைக்கு வேண்டாம்.

அடிமரத்தின் மையப்புள்ளி பலகைக்குள் வராமல் அறுக்கச் சொல்லுங்கள். பெரிய வெடிப்புகள் அங்கிருந்தே கிளம்பும். சந்தனம், ஈட்டி, தேக்கு போன்றவற்றுக்கு வனத்துறை விதிகள் கடுமையானவை. கர்நாடகத்தின் அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கமிருந்து எல்லை தாண்டி மரம் கொண்டுவருவதானால், எந்த இனத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எந்த மரமானாலும் பில் வாங்குங்கள்.

2. அறுத்துக் காயவைத்தல்

முடிந்த மேசைக்கு ஒன்றே முக்கால் அங்குலக் கனம் வேண்டுமென்றால், இரண்டே கால் அங்குலமாக அறுங்கள். அறுத்த அன்றே இரு முனைகளிலும் மெழுகோ கனமான பெயிண்டோ பூசிவிடுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். அதைத் தடுத்தால் முனைவெடிப்பு வெகுவாகக் குறையும்.

மாமரம், புளியின் வெள்ளைப் பகுதி இரண்டுக்கும் பூச்சி மருந்து அவசியம். 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் போராக்ஸ், 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து, ஈரப் பலகையின் எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று முறை பூசுங்கள்.

பிறகு நிழலில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் அடுக்குங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒன்றரை அடிக்கு ஒன்றாக, ஒரே கனமுள்ள ஒரு அங்குல இடைக்கட்டைகள் வையுங்கள். இடைக்கட்டைகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மேலே கிரானைட் துண்டுகளைப் பாரமாக ஏற்றுங்கள்.

காற்றில் காய, அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. சூளையில் உலர்த்தித் தரும் மில் கிடைத்தால் சில வாரங்களில் முடியும். ஈரம் 10 முதல் 12 விழுக்காட்டுக்குள் வர வேண்டும். ஈரமானி இல்லையென்றால், முனையிலிருந்து ஒரு அடி உள்ளே சிறு துண்டு வெட்டி எடை பாருங்கள். 103 டிகிரி சூட்டில் ஓவனில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள். 250 கிராம் துண்டு 222 கிராமில் நின்றால், குறைந்த 28ஐ 222ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். ஈரம் 12.6 விழுக்காடு, இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும்.

மரத்தை முறையாகக் கற்க விரும்புவோருக்கு பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஓசூரிலிருந்து ஒரு பேருந்துப் பயணம்தான்.

3. மட்டம் செய்தல்

காய்ந்த பலகை சற்றேனும் வளைந்திருக்கும். இரண்டு பக்கமும் நேரான சட்டங்களை வைத்து, அவற்றின் மேல் ரவுட்டரை ஓட்டி, மேட்டைச் சீவுங்கள். ஒருமுறைக்கு 2 மி.மீ. போதும். இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சமமாகச் சீவுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் சீவினால் மறுபடி வளையும். பிறகு ஒரு வாரம் நிறுத்திவைத்துப் பாருங்கள்.

4. விரிசலைச் சுத்தம் செய்தல்

பட்டையைத் தட்டி எடுத்துவிடுங்கள்; விட்டால் ரெசினோடு சேர்ந்தே ஒருநாள் பெயர்ந்து வரும். விரிசலுக்குள் இருக்கும் உளுப்பு, மண், பிசின் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷாலும் மெல்லிய உளியாலும் சுரண்டுங்கள். கம்ப்ரசர் காற்றால் ஊதுங்கள். நகத்தால் கீறினால் பொடி வராத கெட்டி மரம் தெரிய வேண்டும். ரெசின் தூசியில் ஒட்டாது, மரத்தில்தான் ஒட்டும்.

5. பட்டாம்பூச்சிக் கட்டை

பலகையின் முனைவரை ஓடும் விரிசலுக்கு ரெசின் மட்டும் போதாது. பலகையைவிடக் கடினமான மரத்தில், 3 முதல் 4 அங்குல நீளத்தில், இடை சிறுத்த கட்டை செய்யுங்கள். அதன் ரேகை விரிசலுக்குக் குறுக்காக ஓட வேண்டும். கனம் பலகையில் பாதி இருந்தால் நல்லது. கட்டையைப் பலகைமேல் வைத்துக் கூர்மையான கத்தியால் சுற்றிக் கோடு கீறி, அந்தக் கோட்டுக்கு உள்ளேயே ரவுட்டரால் குடைந்து, மூலைகளை உளியால் செதுக்குங்கள். எபாக்சியோ ஃபெவிகாலோ பூசி, மரச் சுத்தியலால் இறுக அடித்து இறக்குங்கள். கண்ணில் பட வேண்டாம் என்றால் அடிப்பக்கத்தில் பதிக்கலாம்.

6. அடைத்தலும் முதல் பூச்சும்

ரெசின் தண்ணீர்போல் எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். அடிப்பக்க விரிசல் முழுவதும் பேக்கிங் டேப்பை இரண்டு அடுக்காக அழுத்தி ஒட்டுங்கள். முனை வெடிப்பைப் பிளாஸ்டிக் தகடு வைத்து, சிலிகானால் ஓரம் அடையுங்கள். ரசமட்டம் வைத்துப் பலகையை நான்கு பக்கமும் சரிபாருங்கள்.

அடுத்து, நிறம் சேர்க்காத ரெசினைச் சிறிதளவு கலந்து, விரிசலின் உள்சுவரிலும் மேலே இரண்டு அங்குல அகலத்துக்கும் மெல்லியதாகப் பூசுங்கள். இது மரத்தின் துளைகளை மூடும். பிறகு ஊற்றும்போது குமிழி குறையும். நிறமும் ரேகைக்குள் கசியாது. விரல் வைத்தால் ரேகை பதிந்து, ரெசின் கையில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை பொறுங்கள்.

7. கலந்து ஊற்றுதல்

அளவைக் கணக்கிட்டே கலக்குங்கள். விரிசல் 60 செ.மீ. நீளம், சராசரி 1 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழம் என்றால் 240 மில்லி. ரெசினின் அடர்த்தி ஏறக்குறைய 1.1 என்பதால் 264 கிராம். வீணாவதற்கும் சேர்த்து 300 கிராம் கலக்கலாம். எடையில் 2:1 என்று டின்னில் போட்டிருந்தால் 200 கிராம் ரெசின், 100 கிராம் ஹார்டனர். தராசில் நிறுத்தே எடுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால், மிஞ்சிய ஹார்டனர் சேராமல் நின்று ரெசின் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து மூன்று நிமிடம் மெதுவாகக் கிளறி, வேறு கோப்பைக்கு மாற்றி இன்னொரு நிமிடம் கிளறுங்கள். நிறத்தூள் எடையில் 2 விழுக்காடு போதும். புளிக்குக் கறுப்பும், மாமரத்துக்குக் கண்ணாடி போன்ற பழுப்பும் பொருந்தும். தண்ணீர் கலந்த பெயிண்ட் சேர்க்கக் கூடாது.

ஒரு தடவையில் எவ்வளவு ஆழம் ஊற்றலாம் என்பது ரெசினுக்கு ரெசின் மாறும். மேற்பூச்சு ரெசின் சில மி.மீ. மட்டுமே தாங்கும், ஆழ ஊற்றுக்கென்று விற்பது ஓரிரு அங்குலம் தாங்கும். ரெசின் இறுகும்போது சூடு கிளம்பும். கனமாக ஊற்றினால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி ரெசின் புகைந்து, பொரிந்து, வெடிக்கும்.

பருவத்தையும் பாருங்கள். கிருஷ்ணகிரியின் சித்திரை வெயிலில் கலவை கைக்குள்ளேயே இறுகிவிடலாம். சூடு 10 டிகிரி கூடினால் வேலை நேரம் ஏறக்குறைய பாதியாகும். ஓசூரின் மார்கழிக் குளிரில் ரெசின் தேன்போல் கெட்டியாகும். டின்னை வெந்நீரில் சற்று வைத்து இளக்குங்கள். எந்தப் பருவத்திலும் ஊற்ற நல்ல நேரம் மாலை. மரம் குளிரும்போது அதனுள் இருக்கும் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும். காலையில் ஊற்றினால் ஏறுவெயிலில் காற்று விரிந்து குமிழியாக வெளிவரும்.

மேல்மட்டத்துக்கு 2 மி.மீ. கூடுதலாகவே நிரப்புங்கள். எழும் குமிழியை ஹீட் கன்னால் ஒருமுறை விரைவாக வருடுங்கள். ஒரே இடத்தில் நிறுத்திக் காட்டக் கூடாது. மூன்று நாள் தொடாதீர்கள்.

8. தேய்த்தல், பூச்சு

உப்புத்தாள் 80, 120, 180, 220 என்ற வரிசையில் செல்லுங்கள். ஒரு எண்ணைத் தாண்டினால் அதன் கீறல் பூச்சுக்குப் பின் பளிச்சென்று தெரியும். கிரானைட் பாலீஷ் செய்யும் தண்ணீர் டிஸ்க்கைக் கொண்டுவராதீர்கள். கல்லுக்கு ஆகும், மரம் தண்ணீரைக் குடித்து ரேகை எழும்பும்.

பூச்சுக்கு மெழுகெண்ணெய் அல்லது பி.யு. வார்னிஷ் போதும். மேலே எத்தனை பூச்சோ, அடியிலும் அத்தனை பூச வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் வாங்கிப் பலகை வளையும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவைத்தபின் எறியுங்கள்.

9. கால் பொருத்துதல்

மரம் செத்தபின்னும் அசைந்துகொண்டே இருக்கும். ஈரம் 4 விழுக்காடு மாறினால் 75 செ.மீ. அகலப் பலகை 6 முதல் 8 மி.மீ. வரை விரியவோ சுருங்கவோ கூடும். இரும்புக் காலில் வட்டத் துளை போட்டு இறுக முடுக்கினால், அந்த அசைவு புது வெடிப்பாகத்தான் வெளிவரும். துளைகளைப் பலகையின் அகலவாக்கில் 15 மி.மீ. நீண்ட துளைகளாகப் போடச் சொல்லுங்கள். வாஷர் வைத்து, பிடிப்பாக ஆனால் நகர இடம்விட்டு முடுக்குங்கள். சாப்பாட்டு மேசைக்கு உயரம் 75 செ.மீ.

உடல்நலம்

ரெசினும் ஹார்டனரும் தோலில் படக் கூடாது. திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும். வந்தால் வாழ்நாள் முழுதும் நீடிக்கலாம். நைட்ரைல் கையுறை அணியுங்கள். கையில் பட்டால் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், தின்னரால் அல்ல. தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். மிஞ்சிய கலவையைக் குப்பைத்தொட்டியில் கொட்டாமல், தட்டில் மெல்லியதாக ஊற்றி இறுகவிட்டு எறியுங்கள்.

தவறு நேர்ந்தால்

* ரெசின் இறுகவில்லை: கலப்பளவு தவறு, அல்லது சரியாகக் கிளறவில்லை. சுரண்டி எடுத்து மீண்டும் ஊற்றுவது ஒன்றே வழி.
* மேலே எண்ணெய்ப் பசைபோன்ற படலம்: மழைக்கால ஈரத்தால் வருவது. சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டுத் தேய்க்கலாம்.
* குமிழிக் குழிகள்: ஊசித் துளையைச் சற்று அகலமாக்கி, அதே நிற ரெசினைச் சொட்டு சொட்டாக நிரப்புங்கள்.
* விளிம்பில் மயிரிழைப் பிளவு: மரம் இன்னும் சுருங்குகிறது. ஒரு கோடைக்காலம் கடக்கட்டும். பிறகு மெல்லிய ரெசினால் அடையுங்கள்.

மேசையைப் பேணுதல்

சாதாரண எபாக்சி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அடுப்பிலிருந்து இறக்கிய குழம்புச் சட்டிக்குக் கீழே பிரிமணை வையுங்கள். நேர்வெயில் படும் திண்ணையிலோ மாடியிலோ போடாதீர்கள், ரெசின் மஞ்சளாகும்.

முதல் முயற்சிக்கு மூன்றடி நீளத்தில், ஒரே விரிசலுள்ள பலகை போதும். அது கைவந்துவிட்டால் இரண்டாவது மேசையின் ஆசை தானாக வரும். அதற்கான மரத்தை அப்போது தேடினால் மறுபடி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆகவே இன்று மில்லுக்குப் போகும்போதே இரண்டு பலகை அறுத்து, இரண்டையும் அடுக்கிவிடுங்கள்.