"அடக்கிட்டு உட்காரு!"

சுண்டுவிரலைத் தூக்கினால் 'ஒண்ணுக்கு'. இரண்டு விரல் தூக்கினால் 'ரெண்டுக்கு'. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வாயே திறக்காமல் பேசும் பாஷை இது. இதற்கு டீச்சரிடமிருந்து கிடைக்கும் பதில்களும் உங்களுக்குப் பழக்கமானவைதான்.

"இப்பத்தானே இன்டர்வெல் விட்டாங்க? அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"பாடம் ஆரம்பிச்சா போதுமே, உனக்கு உடனே வந்துடுமே!"

"அடக்கிட்டு உட்காரு!"

வகுப்பே சிரிக்கும். டீச்சரும் இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. உடம்பைப் பற்றித் தெரியாமல் சொல்கிறார். ஆனால் அந்தத் தெரியாமைக்கு விலை கொடுப்பது உங்கள் வீட்டுப் பிள்ளை.

என்னிடம் வருகிறவர்களில் பலர் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கத்துக் கம்பெனிக் குடும்பத்தினர். "டாக்டர், ஒம்பது வயசாவுது, இன்னும் படுக்கையை நனைக்கிறா", "ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு அழுவுறா" என்று அம்மா சொல்லும்போது, நான் பிள்ளையிடம் முதலில் கேட்கும் கேள்வி, "பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்குப் போறியா கண்ணு?" என்பதுதான். பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்கும். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டும், இல்லை என்று. காலை எட்டு மணிக்கு வேனில் ஏறி, மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடுகிற பிள்ளைகள் உண்டு. "பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்படித்தாங்க ஓடுவா, விளையாட்டுப் புத்தி" என்பார் அம்மா. அது விளையாட்டு இல்லை அம்மா!

சித்த மருத்துவம் படிக்கிறவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் 'பதினான்கு வேகங்கள்'. வேகம் என்றால் இங்கே விரைவு அல்ல. உடம்பு தன் தேவைக்காகத் தானே எழுப்பும் உந்துதல். அபானவாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம் ஆகியவையே அந்தப் பதினான்கு. இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது நம் முன்னோர் கண்ட கணக்கு. ஏட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் இன்றைக்கு அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிறுநீர், மலம், தாகம், தூக்கம், பசி ஆகிய ஐந்திலும் பழைய ஏடும் புதிய மருத்துவமும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன.

இந்தப் பட்டியலோடு ஒரு வகுப்பில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். கொட்டாவி விட்டால், "வாயை மூடு, ஈ போயிடும்!" இருமினால், "வெளிய போய் இருமிட்டு வா!" தண்ணீர் பாட்டிலைத் திறந்தால், "இது கிளாஸா, டீக்கடையா?" பையன் அழுதால், "ஆம்பளப் புள்ள அழலாமா?" ஒரே பீரியடில் நாலைந்து வேகங்களுக்குத் தடையுத்தரவு!

சிறுநீருக்கு வருவோம். பிள்ளையின் வயதோடு 2 கூட்டி, 30ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ அத்தனை மில்லி லிட்டர்தான் சிறுநீர்ப்பை கொள்ளும். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சுமார் 300 மில்லி, அதாவது ஒன்றரை டம்ளர். பெரியவர்கள் தாங்குவதைப்போல் அது தாங்காது. நாள் ஒன்றுக்கு ஐந்திலிருந்து ஏழு முறை போக வேண்டிய வயது அது. அடக்கச் சொன்னால் என்ன செய்யும்? காலைப் பின்னிக்கொள்ளும், குதிகாலை அடியில் கொடுத்து உட்காரும். இப்படியே இறுக்கி இறுக்கிப் பழகிய தசை, கழிப்பறையில் போய் உட்கார்ந்த பிறகும் முழுதாக விட்டுக்கொடுக்காது. கொஞ்சம் நீர் உள்ளேயே தங்கும். தங்கிய நீரில் கிருமி வளரும். பெண் குழந்தைகளுக்கு நீர்த்தாரை நீளம் குறைவு என்பதால், மலவாய்ப் பக்கமுள்ள கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். எரிச்சல், அடிவயிற்று வலி எல்லாம் அங்கே ஆரம்பமாகின்றன.

'ரெண்டுக்கு' அடக்குவது இன்னும் மோசம். தங்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது கல்லாக இறுகும். பக்கத்திலுள்ள சிறுநீர்ப்பையை அழுத்தும். மலச்சிக்கலைச் சரி செய்ததுமே படுக்கை நனைப்பது நின்றுபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதுவரை அந்தப் பிள்ளை வீட்டிலும் திட்டு வாங்கியிருக்கும், பள்ளியிலும் திட்டு வாங்கியிருக்கும்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். போக விடவில்லை என்றால் குடிக்காமல் இருந்துவிடுவார்கள்! சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் கூடும், மலம் இறுகும், பிற்பகலில் தலை வலிக்கும். 2019இல் கேரளத்துப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்க ஆரம்பித்தார்கள். 2025இல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையும் இந்தத் 'தண்ணீர் மணி'யைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் குடிக்க மணி அடித்துவிட்டு, போவதற்குக் கதவை அடைத்தால் எப்படி?

லேசான எரிச்சல் மட்டும்தான், காய்ச்சல் இல்லை என்றால், சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர், மோர், இளநீர், வெள்ளரிப் பிஞ்சு, பார்லிக் கஞ்சி கொடுக்கலாம். நெருஞ்சில் குடிநீர், நீர்முள்ளிக் குடிநீர் எல்லாம் நல்லவைதான்; ஆனால் பிள்ளையின் வயதும் எடையும் பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் அல்லது முதுகில் வலி, வாந்தி, நீரில் இரத்தம் என்று எது இருந்தாலும் வீட்டில் கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். கிருமி சிறுநீரகம் வரை ஏறினால் நிலையான தழும்பு விழக்கூடும்.

இன்னொரு வகைப் பிள்ளை இருக்கிறது. அதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மணிக்கொரு தரம் விரல் தூக்கும். பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் பாட்டிலையும் வாங்கிக் குடிக்கும். "சரியான சாக்குப்போக்கு மன்னன் சார் இவன்" என்று ஆசிரியர் சொல்வார். நீங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள். அந்தப் பிள்ளை நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே வருகிறதா? எப்போதும் அசதியா? இதுவரை நனைக்காத படுக்கையைப் புதிதாக நனைக்கிறதா? அப்படியென்றால் தாமதிக்காமல் சர்க்கரை பரிசோதியுங்கள். சிறு பிள்ளைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவு வாரக்கணக்கிலேயே முற்றிவிடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று போய் உயிரையே எடுத்துவிடும். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: அதற்கு இன்சுலின்தான் மருந்து. ஆவாரம்பூ, நாவற்கொட்டைப் பொடி என்று யார் சொன்னாலும் இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் கேட்காதீர்கள்.

அடுத்தது தூக்கம். "ராத்திரி என்ன திருடப் போனியா?" இந்த வசனம் தெரியாத தமிழ்ப் பிள்ளை உண்டா? இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் நிஸான் - ரெனோ ஆலை வந்தது. கூடவே உதிரிபாகக் கம்பெனிகளும் வர, இந்தப் பக்கத்து வீடுகளில் இரவு பகல் கணக்கே மாறிவிட்டது. அப்பா செகண்ட் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் கதவைத் தட்டுவார். அம்மாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் இருட்டோடு எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பதோ ஒரே அறை. லைட்டைப் போட்டால் பிள்ளைக்கும் விடிந்த மாதிரிதான். 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரமாவது தூங்க வேண்டும்; அதற்கு மேல் வயதுப் பிள்ளைகளுக்கு 8 மணி நேரமாவது வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அது எங்கே கிடைக்கிறது? படுக்கும் மூலைக்கு ஒரு கனத்த திரையும், எல்லா நாளும் ஒரே நேரத்தில் படுப்பதும் கொஞ்சம் உதவும். (செல்போன்தான் காரணம் என்று டீச்சர் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். பல வீடுகளில் அதுவும் உண்மை.)

தூங்கியும் தூங்கி வழிகிற பிள்ளையாக இருந்தால் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால், நாங்கள் 'பாண்டு' என்று சொல்லும் இரத்த சோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது இருக்கிறது. ஹீமோகுளோபின் 5 முதல் 11 வயதில் 11.5க்கும், 12 முதல் 14 வயதில் 12க்கும் குறையக் கூடாது. முருங்கைக்கீரை, நெல்லிக்காய், பேரீச்சை கொடுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் தூக்கிப் போடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வாங்கிய பெண், மூன்று மாதத்தில் வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்கியதை அவள் அம்மா வந்து சொன்னார்.

பசியைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் பசி நின்றுவிடுமா? அம்மா விடியுமுன் ஷிப்டுக்குப் போய்விட்ட வீட்டில், "கவனம் எங்கே இருக்கு?" என்று டீச்சர் கேட்டால், வயிற்றில்தான் இருக்கும்.

பதினான்கில் சேராத ஒன்றும் இருக்கிறது. அடக்கவே முடியாதது. மாதவிலக்கு. "தேதி தெரியாதா? தயாரா வரமாட்டியா?" என்று கேட்கிற ஆசிரியைகளே இருக்கிறார்கள், பெண்ணாக இருந்தும்! பூப்பெய்திய முதல் இரண்டு வருஷங்களில் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். தேதி அந்தப் பெண்ணுக்கே தெரியாது. 2017 ஆகஸ்டில், நான் சித்த மருத்துவம் படித்த பாளையங்கோட்டையில், ஏழாம் வகுப்புப் படித்த 12 வயதுச் சிறுமி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். சீருடையில் கறை பட்டதற்காக வகுப்பில் ஆசிரியை அவமானப்படுத்தியதே காரணம் என்று பெற்றோர் புகார் செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் வீட்டுப் பெண் பள்ளிக்குப் போக மறுத்தால், திடீரென்று பேச்சைக் குறைத்தால், 'என்ன சொன்னாங்க?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 14417, 1098 என்ற எண்களில் பிள்ளைகளே பேசலாம்.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒருத்தனை விட்டால் பின்னாலேயே பத்துப் பேர் விரல் தூக்குவான். கழிப்பறை மூன்று மாடி கீழே இருக்கும், தண்ணீர் வராது. சொல்லப்போனால், நீர்க்கடுப்பென்று என்னிடம் வரும் பெண்களில் டீச்சர்களும் இருக்கிறார்கள். அடுத்தடுத்து பீரியடில் அவர்களும் அடக்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள்! ஆனாலும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாக வதைப்பதையும் தடுக்கிறது. விரல் தூக்கிய பிள்ளையை வகுப்பே சிரிக்கும்படி கேலி செய்வதை வேறு என்னவென்று சொல்வது?

அதற்காக ஹெட்மாஸ்டர் அறையில் போய்க் கத்தாதீர்கள். மறுநாள் வகுப்பில் உட்காரப் போவது பிள்ளைதான். டைரியில் நாலு வரி எழுதுங்கள்: "மதிப்புக்குரிய டீச்சர், என் மகளுக்குச் சிறுநீர்த் தொற்று இருந்து சிகிச்சை எடுக்கிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அனுப்புங்கள்." மருத்துவரின் சீட்டையும் சேர்த்து ஒட்டுங்கள். எழுத்தில் வந்தால் மறுப்பவர்கள் குறைவு. பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்ட பிறகு, கழிப்பறையையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா?

இன்று மாலை பிள்ளை வந்ததும் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே திரும்பி வந்திருந்தால் திட்டாதீர்கள். "ஏன் குடிக்கல?" என்று கேட்பதைவிட, "இன்னிக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனே?" என்று கேளுங்கள்.