அகில் கட்டை: வாசனை எங்கிருந்து வருகிறது?

நாள்தோறும் நாம் விற்கும் அகர்பத்தியில் 'அகர்' என்பது அகில் கட்டைதான். ஆனால் இன்றைய பத்திகளில் பெரும்பாலானவற்றில் அகில் இல்லை, விலை அப்படி. பழைய காலத்திலும் இது தரம் பிரித்து விற்ற சரக்கு. அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என்று சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் வகை சொல்கிறார். இவற்றுள் சில, சரக்கு வந்த கடல்கடந்த ஊர்களின் பெயரால் அமைந்தவை.

நோயற்ற அகில் மரத்தின் கட்டை வெளிறியது, எடை குறைந்தது, வாசனையற்றது. அஸ்ஸாமில் ஒருவகைப் புழு தண்டைக் குடைகிறது. துளை வழியே பூஞ்சணம் நுழைகிறது. மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசின் சுரக்கிறது. பிசின் ஊறிய பாகம் கறுத்துக் கனக்கிறது. அதுவே சரக்கு. தோட்டங்களில் இதையே ஆணி அடித்தும், துளையிட்டும், பூஞ்சணக் கலவை செலுத்தியும் செய்கிறார்கள். எல்லா மரமும் ஒரே அளவு பிசின் தருவதில்லை.

ஜவ்வாது மலையடிவாரமான கணியம்பாடி வட்டாரத்தாருக்குச் சந்தனம் பழகிய மரம். வறண்ட கல் நிலத்தில் மெதுவாக வளரும் சந்தனத்தில் வயிரம் நன்றாகப் பாயும் என்பது அவர்கள் அறிந்ததே. அதே கணக்கை அகிலுக்குப் போடக் கூடாது. அகில், மழையும் ஈரக்காற்றும் உள்ள நாட்டு மரம். தண்ணீர் காட்டாமல் வாட்டினால் கன்று பட்டுப்போகும், பிசின் வராது. அதற்கு வேண்டியது காயமும் பூஞ்சணமும். அதுவும் மரம் பருத்த பின்புதான்.

ஆகவே, வரப்போகும் அகில் விளைச்சலை நம்பிக் கடன் சரக்கு கொடுப்பவர்களும், கன்றுக்கு முன்பணம் கட்டுபவர்களும் கேட்க வேண்டியவை:

1. இதே மண்ணில், இதே மழையில் பிசின் எடுத்த மரம் எங்கே?
2. பூஞ்சணம் செலுத்தும் செலவு யாருடையது?
3. திரும்ப வாங்குவதாகச் சொல்பவர் எழுதிக் கொடுப்பாரா?

கட்டை வாங்கும்போது மேல் கறுப்பை நம்பாமல் ஒரு சில்லு வெட்டி உள்ளே பாருங்கள். பிசின் மிகுந்தது நீரில் மூழ்கும். ஆயினும் எடை கூட்டும் கலப்படம் உண்டு. எனவே சிட்டிகைத் தூளைத் தணலில் இட்டு மணமும் பார்க்க வேண்டும்.

அஸ்ஸாம் அகில் 1995 முதல் பன்னாட்டு வன உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதிச் சீட்டு வேண்டும். பில் இல்லாத கட்டை எவ்வளவு மலிவாக வந்தாலும் கடைக்குள் ஏற்றாதீர்கள். லாபம் ஒருநாள், வழக்கு பல ஆண்டு.